டிரோல் கோட்டையின் தாய்ப்பத்திரம்

இரண்டு மாத விடுமுறைக்காக அப்பா மியூனிக்கில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தபோது, இத்தாலியில் எங்கே போகலாம் என்று கேட்டேன். ரோமையோ வெனிசையோ சொல்வார் என்றுதான் நினைத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரப்பதிவுத் துறையில் வேலை பார்த்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர் அவர். கூட்டமில்லாத, உட்கார்ந்து வாசிக்கும்படியான ஓர் இடமாக இருக்கட்டும் என்றார். அதனால்தான் ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, மெரானோ நகருக்கு மேலே நிற்கும் டிரோல் கோட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கோட்டை இப்போது தென் டிரோல் மாகாணத்தின் பண்பாட்டு, வட்டார வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஒரு நாட்டின் பெயர் பிறந்து, இரண்டு முறை அழிக்கப்பட்டு, மறுபடியும் எழுதப்பட்ட கதையைச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மியூனிக்கிலிருந்து புறப்படும் ரயில் இன்ஸ்புருக் வழியாக பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்குகிறது. எல்லையைத் தாண்டியதும் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகள் இரட்டையாகின்றன. இத்தாலிய மொழியில் போல்சானோ என்றும் ஜெர்மனில் போசன் என்றும் ஒரே ஊருக்கு இரண்டு பெயர்கள், அதேபோல மெரானோவும் மெரானும், பிரெசனோனேயும் பிரிக்சனும். இத்தாலியின் வடகோடியில் உள்ள இந்த மாகாணத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் ஜெர்மன் பேசும் குழுவையும், 26 விழுக்காட்டினர் இத்தாலியக் குழுவையும் சேர்ந்தவர்கள். மலைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் லத்தீனிலிருந்து கிளைத்த லாடின் என்ற பழைய மொழியைப் பேசுகிறவர்கள் நான்கரை விழுக்காடு இருக்கிறார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையையும் வாசித்துக்கொண்டே வந்தார். "ஒரே சொத்துக்கு ரெண்டு பேர்ல பட்டா இருந்தா எங்க ஆபீஸ்ல உடனே நிறுத்தி வெச்சிருவோம்" என்றார். அந்த வாக்கியம் அடுத்த மூன்று நாட்களும் எங்களுடனே வந்தது.

நாங்கள் மெரானோவில் இறங்கியது ஒரு ஞாயிறு மாலை. மறுநாள் திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை நான் கவனித்திருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் கிடைத்தது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பாக அது நிற்கும் மலையைப் பார்க்க முடிந்தது. மெரானோவிலிருந்து பேருந்து ஏறினால் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து டிரோல் என்ற சிறிய கிராமத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வண்டிகள் போகாத பாதையில், ஒரு சிறிய குகைவழியும் தாண்டி, அரை மணி நேரத்துக்கும் குறைவாக நடந்தால் கோட்டை. கீழே அடிஜே ஆற்றின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. இதே ஆற்றை ஜெர்மன் பேசுகிறவர்கள் எட்ச் என்கிறார்கள். கோட்டைக்குச் சற்றுக் கீழே புருன்னென்புர்க் என்ற இன்னொரு கோட்டை தெரிகிறது. கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1958இல் அமெரிக்காவிலிருந்து விடுதலையாகி வந்ததும் தன் மகளின் குடும்பத்தோடு தங்கியது அங்கேதான்.

கோட்டை நிற்பது உறுதியான பாறை மீதல்ல. பனியாறு கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லும் கலந்த மேடு அது. பக்கத்துப் பள்ளத்தில் மழை அரித்துவிட்ட இடங்களில், தலையில் ஒரு பாறாங்கல்லைச் சுமந்தபடி மண் தூண்கள் நிற்கின்றன. கல் குடைபோல் மழையைத் தடுக்கும் வரைக்கும் அதன் அடியில் உள்ள மண் கரையாமல் நிற்கும். கல் விழுந்துவிட்டால் தூணும் கரைந்துவிடும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கவனிப்பாரில்லாமல் கிடந்த காலத்தில், இதே அரிப்பால் கோட்டையின் ஒரு பகுதி பள்ளத்துக்குள் சரிந்து விழுந்திருக்கிறது. இந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கோட்டைச் சுவரைப் பார்க்கும்போது, அது இன்றுவரை நிற்பதே எவ்வளவு பேருடைய முயற்சியால் என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, கதவு திறந்த சற்று நேரத்திலேயே உள்ளே போனோம். கோட்டை வாசலுக்கு முன்னாலேயே, பழைய தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். கோட்டை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கிறித்தவம் இந்த மலைக்கு வந்த தொடக்கக் காலத்திலேயே இங்கே ஒரு வழிபாட்டிடம் இருந்திருக்கிறது. அது இடித்தும் பெருக்கியும் மறுபடி மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. கோட்டையோ 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அதன் முக்கியமான கட்டட வேலை எப்போது நடந்தது என்பதை மரங்களே சொல்லியிருக்கின்றன: சுவருக்குள் இருந்த விட்டங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அந்த மரங்கள் 1138, 1139 ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஒரு மரம் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகன்ற வளையத்தையும் வறண்ட ஆண்டில் குறுகிய வளையத்தையும் போட்டுக்கொள்கிறது. அந்த வரிசையை ஏற்கெனவே ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போடாத சாட்சி என்று இதைச் சொல்லலாம். அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் இந்தக் கோட்டைக்கு வந்ததே இரண்டு கதவுநிலைகளைப் பார்ப்பதற்காக என்று சொன்னால் மிகையாகாது. ஒன்று பெருமண்டபத்தின் வாசல்; மற்றொன்று மண்டபத்திலிருந்து தேவாலயத்துக்குள் போகும் வாசல். இரண்டுமே பளிங்கில் செதுக்கப்பட்டவை, 12ஆம் நூற்றாண்டின் ரோமனெஸ்க் பாணி வேலைகள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொண்டு பார்த்தால்தான் அவற்றின் ஆழம் தெரிகிறது. சிறகு முளைத்த மிருகங்களும், வாலைச் சுருட்டிக்கொண்ட டிராகன்களும், பின்னல் கோலம்போல் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகும் கொடிகளும் நிலையின் இரு பக்கங்களிலும் மேலேறுகின்றன. தேவாலய வாசலின் மேல் அரைவட்டத்தில், சிலுவையிலிருந்து இயேசுவின் உடலை இறக்கும் காட்சி. அதே வாசலில் ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட மரத்தின் அருகே நிற்கிறார்கள். உருவங்கள் கட்டையும் குட்டையுமானவை. தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் இருக்கும். அழகு என்று நாம் பழகிய அளவுகளில் எதுவும் அவற்றில் இல்லை. ஆனால் மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்று பார்த்தபோது ஒரு மிருகத்தின் கழுத்து மயிரில் உளி இறங்கிய ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தக் கல்தச்சர் அவசரப்படவில்லை என்பதும் தெரிந்தது. கிட்டத்தட்ட 900 ஆண்டுகள் இந்த வாசலின் வழியாக ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள். நான் அங்கே முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவசரமாகப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிறவர்களைத் தடுத்து நிறுத்தி, இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

தேவாலயம் புனித பங்கிராசுக்கு உரியது. இரண்டு அடுக்குகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. சுவர்களில் 14ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள் மங்கியும் மங்காமலும் இருக்கின்றன. இங்கே இருந்த சிறகுக் கதவுகள் கொண்ட பலிபீடம், 1370ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்டது; ஆல்ப்ஸ் பகுதியில் எஞ்சியிருக்கும் அவ்வகைப் பலிபீடங்களில் மிகப் பழையது. அந்த அசல் பலிபீடம் பின்னாளில் எல்லைக்கு அப்பால் இன்ஸ்புருக் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மண்டபத்துக்குத் திரும்பி வந்து, மூன்று வளைவுகள் சேர்ந்த பழைய சன்னல்களின் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தோம். இந்தச் சன்னலோரம் நின்ற ஒருவர், தன் கண்ணுக்கெட்டிய தூரம் முழுவதையும் தன்னுடையது என்று நினைத்திருப்பதில் வியப்பில்லை.

இனி பெயரின் கதைக்கு வருகிறேன். இந்த மேட்டுக்கும் அதன் அருகில் உள்ள கிராமத்துக்கும்தான் முதலில் டிரோல் என்று பெயர். வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் பிரபுக்கள் இங்கே கோட்டை கட்டிக்கொண்டு, 1141 முதல் தங்களை டிரோல் பிரபுக்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். ஊரின் பெயர் கோட்டைக்கும், கோட்டையின் பெயர் குடும்பத்துக்கும், குடும்பத்தின் பெயர் அவர்கள் பிடித்துக்கொண்ட மலைநாடு முழுவதற்கும் போனது. ஆண் வாரிசில்லாமல் 1253இல் அந்தக் குடும்பம் முடிந்தபோது மகள் வழியாக நாடு கோரிசியா பிரபுக்களிடம் வந்தது. அந்த வழியில் வந்த இரண்டாம் மைன்ஹார்ட்தான், சிதறிக் கிடந்த உரிமைகளையும் கோட்டைகளையும் வாங்கியும் பிடுங்கியும் ஒரே நாடாகச் சேர்த்தவர். 1295இல் அவர் இறக்கும்போது டிரோல் என்பது பெயர் மட்டுமல்ல, வரி வசூலிக்கும் ஆட்களும் கணக்குப் புத்தகங்களும் உள்ள ஓர் ஆட்சியாகிவிட்டிருந்தது.

மைன்ஹார்ட் மெரானில் அச்சடித்த காசு ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்த இரண்டு சிலுவைகள். அப்போது வட இத்தாலியில் புழங்கிய வெரோனா நகரின் சிறுகாசுகள் இருபதுக்கு இது ஒன்று சமம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வணிகம் செய்கிறவர்களுக்கு பிரென்னர் கணவாய் மிக வசதியான வழிகளில் ஒன்று என்பதால், அந்த வழியில் சுங்கம் வசூலித்தவரின் காசு தெற்கிலும் வடக்கிலும் செல்லுபடியானது. சிலுவைக் குறியால் மக்கள் அதை குரோய்ட்சர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஆஸ்திரியாவில் 1892இல் நாணய முறை மாறும்வரை நிலைத்திருந்தது. அறுநூறு ஆண்டுகள் மக்கள் மடியில் கிடந்த ஒரு சொல், இந்த மலைக்குக் கீழே உள்ள ஓர் ஊரின் காசுச்சாலையில் பிறந்தது. அப்பா அந்தக் கணக்குப் புத்தகங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒவ்வொரு அதிகாரியும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்த ஆட்சி என்பதில் அவருக்கு ஒரு தனி மரியாதை ஏற்பட்டுவிட்டது.

மைன்ஹார்டின் பேத்தி மார்கரேட் 1318இல் பிறந்தவள். பன்னிரண்டு வயதில், தன்னைவிட இளையவனான லக்சம்பர்க் அரசகுமாரன் யோகான் ஹைன்ரிஷுக்கு அவளை மணம் செய்துவைத்தார்கள். தந்தை இறந்த பிறகு நாடு அவள் உரிமையில் வந்தாலும், கணவனின் ஆட்கள்தான் அதிகாரம் செய்தார்கள். உள்ளூர்ப் பிரபுக்களும் அதை விரும்பவில்லை. 1341 நவம்பர் மாதத்தில் ஒரு நாள் கணவன் வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, இந்தக் கோட்டையின் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. அந்நாட்டின் வேறு கோட்டைகளும் அவனை ஏற்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே, பேரரசர் லுட்விக்கின் மகனான பிராண்டன்பர்க் லுட்விக்கை அவள் மணந்துகொண்டாள். முதல் திருமணத்தைத் திருச்சபை இன்னும் ரத்து செய்திருக்கவில்லை. பேரரசருக்கு ஆதரவாக வில்லியம் ஆஃப் ஆக்கம், பதுவாவின் மார்சிலியுஸ் என்ற அக்காலத்து அறிஞர்கள் இருவர் கருத்துரை எழுதிக் கொடுத்தார்கள்; போப்பாண்டவரோ மார்கரேட்டையும் லுட்விக்கையும் திருச்சபையிலிருந்து விலக்கினார், டிரோல் நாடு முழுவதிலும் வழிபாட்டுக்குத் தடை விதித்தார். 1347இல், துரத்தப்பட்ட கணவனின் அண்ணனும் பின்னாளில் பேரரசர் நான்காம் சார்லஸ் என்று புகழ்பெற்றவருமான அரசர் படையோடு வந்தார். இரண்டாம் கணவன் ஊரில் இல்லை. கோட்டையைக் காத்து நின்றவள் மார்கரேட். கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய அந்தப் படை மெரானையும் போசனையும் கொளுத்திவிட்டுப் போனது.

இவ்வளவு செய்தவளுக்குக் கிடைத்த பட்டப்பெயர் மௌல்டாஷ் என்பது. வாயைப் பழித்துச் சொல்லும் வசைச்சொல். உலகத்திலேயே அழகற்ற அரசி என்ற கதையும் கூடவே வளர்ந்தது. அவள் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பிளெமிய ஓவியர் ஒருவர் வரைந்து, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்கும் ஒரு கிழவியின் படத்தைக்கூட அவள் படம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வேண்டாத கணவனுக்குக் கதவைச் சாத்திய ஒரு பெண்ணை மன்னிக்க மனமில்லாதவர்களின் வேலை இது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனாலேயே அவள் பெயரை மார்கரேட் என்று மட்டுமே எழுதுகிறேன். எஞ்சியிருந்த ஒரே மகன் 1363 ஜனவரி 13ஆம் தேதி இறந்தான். அதே மாதம் 26ஆம் தேதி, நாடு முழுவதையும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைச் சேர்ந்த நான்காம் ருடால்ஃபுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். "பதிமூணே நாள்ல செட்டில்மெண்ட் பத்திரம்" என்றார் அப்பா மெதுவாக. மகனை இழந்த தாய் அந்தப் பதிமூன்று நாட்களில் என்ன பாடுபட்டிருப்பாள் என்று எங்கள் இருவர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

அதன் பிறகு கோட்டையின் கதை இறங்குமுகம். 1420இல் ஆட்சியாளர் இன்ஸ்புருக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நாட்டுக்குப் பெயர் கொடுத்த கோட்டை ஒதுக்குப்புறமானது, பழுதானது, பள்ளத்துக்குள் சரிந்தது. 1805இல் நெப்போலியனிடம் ஆஸ்திரியா தோற்றபின் டிரோல் அவருடைய கூட்டாளியான பவேரியாவின் கைக்குப் போனது. பவேரிய அரசு 1807இல் கோட்டையை ஏலத்தில் விற்றது. அடுத்த ஆண்டு நாட்டையே மூன்று மாவட்டங்களாகப் பிரித்து, அவற்றுக்கு இன், ஐசாக், எட்ச் என்று ஆறுகளின் பெயர்களை வைத்தது. டிரோல் என்ற பெயர் ஆவணங்களில் இருந்து எடுக்கப்பட்டது. பெயர் அழிக்கப்பட்டது இது முதல் முறை. 1809இல் விடுதி நடத்திவந்த ஆந்திரியாஸ் ஹோஃபர் தலைமையில் விவசாயிகள் எழுந்ததற்குக் கட்டாய ராணுவச் சேவை, புதிய வரிகள், கோவில் வழக்கங்களில் தலையீடு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பெயரைப் பறித்ததும் மக்கள் மனதில் ஆறாமல் இருந்தது. ஹோஃபரை 1810 பிப்ரவரி 20 அன்று மாந்துவாவில் சுட்டுக் கொன்றார்கள். டிரோல் மறுபடி ஆஸ்திரியாவுக்கு வந்தபிறகு, 1816இல் மெரான் நகரம் இந்தக் கோட்டையைப் பேரரசர் முதலாம் பிரான்சிசுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது.

காப்புக் கோபுரத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. இடிந்து கிடந்த இந்தக் கோபுரத்தை இன்றுள்ள உயரத்துக்கு எழுப்பியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அந்த நூற்றாண்டின் கதையையே அதற்குள் வைத்திருப்பது மிகப் பொருத்தம். 2003இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அதைப் புதிதாக வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் மார்க்குஸ் ஷெரர், வால்டர் அங்கோனேசே, கிளாவுஸ் ஹெல்வெகர் ஆகியோர். கல்சுவருக்குள் எஃகுப் படிக்கட்டுகளை ஏற்றி, இருபது தளங்களில் இந்த வட்டாரத்தின் 20ஆம் நூற்றாண்டை அடுக்கியிருக்கிறார்கள். அப்பா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறினார். அப்படி மெல்ல ஏறுவதுதான் அந்தக் கோபுரத்துக்கு உகந்த வேகம்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றது. 1919 செப்டம்பர் 10ஆம் தேதி கையெழுத்தான சாங் ஜெர்மாங் ஒப்பந்தம், டிரோலை பிரென்னர் கணவாயோடு இரண்டாகப் பிளந்து, தென்பாதியை இத்தாலிக்குக் கொடுத்தது. பெயர் பிறந்த கோட்டை இத்தாலிக்குள் வந்துவிட்டது. தலைநகரம் ஆஸ்திரியாவில் தங்கிவிட்டது. முசோலினி ஆட்சிக்கு வந்த பிறகு இரண்டாம் முறையாகப் பெயர் பறிபோனது. 1923 ஜூலை 15ஆம் தேதி எத்தோரே தொலொமேய் என்பவர் போல்சானோவின் நகர அரங்கில், இந்தப் பகுதியை முழுவதும் இத்தாலியமாக்கும் 32 அம்சத் திட்டத்தை அறிவித்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் இந்த மலைகளின் ஊர்ப்பெயர்களுக்கு இத்தாலிய வடிவம் தயாரிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். சில பெயர்களைப் பழைய ரோமானிய ஆவணங்களிலிருந்து எடுத்தார், சிலவற்றை மொழிபெயர்த்தார், பலவற்றுக்கு வாலில் ஓர் உயிரெழுத்தை ஒட்டினார். ஸ்டெர்சிங் என்ற ஊர் விபிதேனோ ஆனது. புருனெக் புருனிகோ ஆனது. டிரோல், தென் டிரோல் என்ற சொற்களை 1923 ஆகஸ்டில் தடை செய்தார்கள். நாட்டுக்கு இனி ஆல்தோ அடிஜே, அதாவது அடிஜே ஆற்றின் மேல்பகுதி, என்பதே பெயர். ஆட்சி மாறியபோதெல்லாம் இந்த நாட்டுக்குக் கிடைத்தவை ஆற்றின் பெயர்கள்தான். 'டெர் டிரோலர்' என்ற நாளிதழ் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1927இல் தடை கல்லறைக்கும் வந்தது: புதிதாக நடும் கல்லறைக் கற்களில் ஜெர்மன் எழுத்து கூடாது.

அப்பா அங்கேதான் அதிக நேரம் நின்றார். "உயிரோட இருக்கிறவன் பேரை மாத்தினா அவன் சண்டையாவது போடுவான். செத்தவன் பேரை மாத்தினா அவன் எங்கம்மா போய்ச் சொல்லுவான்?" என்றார். பதிவு அலுவலகத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைந்த மனிதர்களை அவர் பார்த்திருக்கிறார். தவறாக எழுதிய பெயர் எப்படி ஒருவரின் காலடி நிலத்தையே உருவிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

1923இல் வந்த கல்விச் சட்டத்தால் ஜெர்மன் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மூடப்பட்டன. குழந்தைகள் புரியாத மொழியில் பாடம் கேட்டார்கள். மிகாயேல் காம்பர் என்ற பாதிரியார், தாய்மொழியில் எழுதப் படிக்க வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று எழுதினார். ரோமாபுரியில் முதல் கிறித்தவர்கள் மறைந்து கூடியதாகச் சொல்லப்படும் சுரங்கங்களை நினைத்து, இந்த ரகசியப் பள்ளிகளுக்குக் கட்டக்கோம்ப் பள்ளிகள் என்று பெயர் வந்தது. பண்ணை வீட்டின் அடுப்பங்கரையிலும் வைக்கோல் அறையிலும் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளம் பெண்கள். அவர்களில் ஒருவரான ஆங்கெலா நிக்கோலெட்டி கைது செய்யப்பட்டார், ஊரைவிட்டு விலக்கி வைக்கப்பட்டார், காசநோயில் படுத்து 1930இல் இறந்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. அகர வரிசை சொல்லிக்கொடுத்ததற்காக ஒரு பெண்ணைச் சிறையில் வைக்கும் அரசு எதைக் கண்டு அஞ்சியது என்று நினைத்துக்கொண்டே அடுத்த தளத்துக்கு ஏறினேன்.

1939இல் நடந்தது இதைவிடக் கொடுமை. ஹிட்லரும் முசோலினியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஆண்டு இறுதிக்குள் ஒவ்வொரு குடும்பமும் முடிவு சொல்ல வேண்டும் என்றார்கள்: ஜெர்மனிக்குப் போய்விடுவதா, இல்லை இங்கேயே இருந்து தங்கள் மொழியையும் பெயரையும் கைவிடுவதா. மிகப் பெரும்பான்மையோர் போவதாக எழுதிக் கொடுத்தார்கள். போர் குறுக்கிட்டதால் உண்மையில் வெளியேறியவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். போகிறவர்கள், இருக்கிறவர்கள் என்று அண்ணன் தம்பிகளும் ஒரே தெருவில் வாழ்ந்தவர்களும் பிரிந்து, ஒருவரையொருவர் துரோகி என்று பேசிக்கொண்ட காயம் பல்லாண்டுகளுக்கு ஆறவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1930களில் போல்சானோவில் தொழிற்பேட்டை அமைத்து, எஃகு, அலுமினியம், வாகன ஆலைகளில் வேலை என்று இத்தாலியின் பிற பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் குடியேற்றினார்கள். மக்கள் விகிதத்தை மாற்றும் திட்டம் அது. ஆனால் வந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வந்த ஏழைத் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதுவே சொந்த ஊர். எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஓர் இத்தாலியக் குடும்பம் அந்தத் தளத்தில் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி தன் மகனுக்கு ஒவ்வொரு படத்தையும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

போருக்குப் பின் 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பாரிசில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பேரியும் செய்துகொண்ட உடன்பாடு, மொழிச் சமத்துவத்தையும் தன்னாட்சியையும் வாக்களித்தது. 1948இல் வந்த தன்னாட்சியோ, இத்தாலியர் பெரும்பான்மையாக உள்ள பக்கத்து மாகாணமான திரெந்தோவோடு இதைச் சேர்த்துக் கட்டியதால் பெயரளவுக்கே இருந்தது. 1957இல் சிக்முண்ட்ஸ்குரோன் கோட்டையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்தில், போரில் ஒரு காலை இழந்தவரும் ஜெர்மன் பேசுகிறவர்களின் அரசியல் தலைவருமான சில்வியுஸ் மாக்னாகோ, திரெந்தோவிலிருந்து விடுபட வேண்டும் என்று முழங்கினார். 1960இல் ஐக்கிய நாடுகள் சபை இரு நாடுகளையும் பேசித் தீர்க்கச் சொன்னது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஒரே இரவில் மின்கோபுரங்கள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதன் பின் கைதுகளும் சித்திரவதைகளும் உயிரிழப்புகளும் தொடர்ந்தன. 1972இல் இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் வந்தது. தாய்மொழியில் பள்ளி, அலுவலகங்களில் இரு மொழி, அரசு வேலைகளில் மொழிக்குழுக்களின் எண்ணிக்கைக்கேற்ற பங்கு என்று ஒவ்வொன்றாக நிறைவேறி, 1992இல்தான் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபைக்குத் தெரிவித்தன. 2001இல் இத்தாலிய அரசியலமைப்பிலேயே இந்த மண்டலத்தின் பெயர் திரெந்தினோ ஆல்தோ அடிஜே என்றும், தென் டிரோல் என்பதற்கான ஜெர்மன் சொல்லான சுய்ட்டிரோல் என்றும் இரண்டு மொழியிலும் எழுதப்பட்டது. தடை செய்யப்பட்ட சொல் 78 ஆண்டுகளுக்குப் பின் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

கோபுரத்தின் மேல்தளத்தில் காற்று பலமாக இருந்தது. கீழே திராட்சைப் பந்தல்கள், மெரானோவின் கூரைகள், தெற்கே போல்சானோ பக்கம் நீலமாகக் கரையும் பள்ளத்தாக்கு. போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குளிர்காலத்தில் கோட்டை மூடியிருக்கும், மற்ற மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். நடைபாதையில் சில இடங்கள் ஏற்றம் என்பதால் வயதானவர்களுக்கு நல்ல செருப்பு அவசியம்.

கீழே இறங்கியதும் அப்பா வாசல் சிற்பம் அச்சிட்ட ஓர் அஞ்சலட்டை வாங்கினார். திருநெல்வேலியில் அவரோடு வேலை பார்த்த எழுத்தருக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி, முற்றத்தில் கல்திண்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நலம் விசாரிப்பு ஒரு வரிதான். மீதி முழுவதும் வில்லங்கச் சான்றில் எழுதுவதுபோல, கோட்டை கைமாறிய வரிசை: டிரோல் பிரபுக்கள், 1253 கோரிசியா குடும்பம், 1363 ஹாப்ஸ்பர்க், 1805 பவேரியா, 1807 ஏலம், 1816 மெரான் நகரத்தார் தானம், 1919 இத்தாலி, 1974 மாகாண அரசு. மார்கரேட்டின் பெயரை எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். அட்டையில் இடம் தீர்ந்துவிட்டது. அனுப்பும் ஊரின் பெயரை எதை எழுதுவது என்று என்னிடம் கேட்டார். இரண்டையும் எழுதுங்கள் அப்பா என்றேன். ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், மெரானோ என்றும் மெரான் என்றும் தமிழில் பொடியாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.